நேற்று இரவு இவருக்குச் சோறு போட்டது யார்?

புதிதாகப் பணியில் சேரும் மருத்துவர்களான உங்களுக்காக நல்ல வார்த்தை நாலு எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். நல்ல வார்த்தைகள் இப்போது என் கைவசம் இல்லை. என் மனைவி இறந்து இன்னும் வருடம் திரும்பவில்லை. அவளுடைய கடைசி நாட்களை உங்களைப் போன்ற இளம் மருத்துவர்களின் கையில்தான் ஒப்படைத்திருந்தேன். ஆகவே இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது உங்களுக்குச் செய்யும் மரியாதை.

சிகிச்சையில் குறை சொல்ல வரவில்லை. அவளுக்குக் கொடுக்கப்பட்ட மருந்துகளை நான் அறிவேன். அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் அவற்றையேதான் கொடுத்திருப்பேன். அவள் பிழைத்திருக்க மாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும். ஒரு பொது மருத்துவனாகவும் பேராசிரியனாகவும் வாழ்நாளைக் கழித்தவனுக்கு அந்த அளவு தெரியாமல் போகாது. என் வழக்கு வேறு.

தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கும் ஒரு தனியார் மருத்துவமனை அது. பெயர் வேண்டாம். இன்றைக்கு எந்த மருத்துவமனைக்குப் போனாலும் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அதே கூடம்தான். வரிசையாக இரும்பு நாற்காலிகள், ஒரு தண்ணீர் கேன், ஒலி குறைக்கப்பட்ட ஒரு தொலைக்காட்சி, சுவரில் ஒரு ஒலிபெருக்கி. அந்த ஒலிபெருக்கி அவ்வப்போது உயிர் பெறும்: "பெட் நம்பர் நாலு அட்டெண்டர்! பெட் நம்பர் நாலு அட்டெண்டர்!" உடனே ஒரு தாயோ மகனோ செருப்பைக்கூட மாட்டாமல் எழுந்து ஓடுவார். பெரும்பாலும் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு போகத்தான் அழைப்பு.

அந்தக் கூடத்தில் கணவன் இல்லை, மனைவி இல்லை, பிள்ளை இல்லை. எல்லோரும் அட்டெண்டர். நானும் என் மனைவியின் கணவனாக அங்கே உட்காரவில்லை. பெட் நம்பர் ஒன்றின் அட்டெண்டராக உட்கார்ந்திருந்தேன்.

இந்தச் சொல் என்னை ஏன் இவ்வளவு சுடுகிறது என்பதை விளக்க, நான் உங்கள் வயதில் இருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

அப்போது நான் அரசு மருத்துவமனை ஒன்றில் உதவி மருத்துவன். எங்கள் பிரிவின் தலைவர் அதிகம் பேசாதவர். திருநீர்மலைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று தங்கள் பெரியவரைக் கொண்டுவந்து சேர்த்திருந்தது. ஒரு காலத்தில் விவசாயம் செய்தவர்கள். நிலமெல்லாம் மனைகளாகிவிட்டபின் வசதியாகிவிட்டவர்கள். கட்டிலைச் சுற்றிப் பதினைந்து பேர் நின்றார்கள். பெரியவருக்கு முடிவு நெருங்கிவிட்டது. அதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், பெரியவரின் அக்காள் மகன், முன்னால் வந்து நின்றார்.

"சார், எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லுங்க. நம்ம ஃபேமிலிக்கு எல்லாம் நான்தான் பாத்துக்கறது."

தலைவர் அவரைத் தாண்டிப் பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தார்.

"நேத்து ராத்திரி இவருக்குச் சோறு போட்டது யாரு?"

பெரியவரின் இரண்டு மகன்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெள்ளைச் சட்டைக்காரர் சிரித்தார்.

"சோறு என்னா சார் சோறு, நீங்க விஷயத்தைச் சொல்லுங்க."

"உங்ககிட்ட அப்புறம் பேசறேன். சோறு போட்டது யாரு?"

கடைசியில், சுவரோரமாக நின்ற ஒரு பெண்மணி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்: "நான்தாங்க."

அவர் பெரியவரின் தம்பி மனைவி. அண்ணன் தம்பி இருவருக்கும் நிலத் தகராறில் பல வருடங்களாக வழக்கு நடந்துகொண்டிருந்தது. முகம் பார்த்துப் பேசுவதில்லை. ஆனால் பெரியவரின் மனைவி இறந்து, மகன்கள் தனித்தனிக் குடித்தனம் போன பிறகு, மூன்று வேளையும் தம்பி வீட்டிலிருந்துதான் பெரியவருக்குச் சாப்பாடு போய்க்கொண்டிருந்தது. வழக்கும் நடந்தது, சாப்பாடும் போனது.

தலைவர் அந்த அம்மையாரைத் தனியாக அழைத்து உட்காரவைத்து, அவரிடம்தான் முதலில் சொன்னார். அவர் அழவில்லை. "எங்க வூட்டுக்காரர இட்டாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். அதற்குள் மகன்கள் வந்து வழியை மறித்தார்கள்.

"சித்தப்பா உள்ள வரக் கூடாது சார். கேஸ் நடக்குது."

"கேஸ் கோர்ட்டுல நடக்குது. இங்க நடக்கறது வேற" என்றார் தலைவர்.

மாலையில் தம்பி வந்தார். அண்ணனின் கால்மாட்டில் நின்றார். தம்பி குனிந்து, விலகியிருந்த போர்வையை இழுத்து அண்ணனின் பாதத்தை மூடினார். அண்ணன் காலை நகர்த்தாமல் வைத்திருந்தார். அவ்வளவுதான். மறுநாள் பெரியவர் இறந்தார்.

அதன்பின் பணிக்காலம் முழுவதும் அந்தக் கேள்வியை நான் விடவில்லை. ஒரு குடும்பத்தில் முந்திக்கொண்டு பேசுபவர் ஒருவர் இருப்பார், ஆங்கிலம் தெரிந்தவர் ஒருவர் இருப்பார், பணம் கட்டுபவர் ஒருவர் இருப்பார். நோயாளியோடு அன்றாடம் வாழ்பவர் பெரும்பாலும் இவர்கள் மூவரும் அல்லாத ஒருவராக இருப்பார். அவரைத் தேடிக் கண்டுபிடிப்பது மருத்துவனின் வேலை. என் மாணவர்கள் இதற்குச் 'சோத்து ரவுண்ட்ஸ்' என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். சிரித்தாலும் கேட்டார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

இனி என் வழக்குக்கு வருகிறேன்.

என் மனைவியை அங்கே சேர்த்தபோது நான் மருத்துவன் என்பது எல்லோருக்கும் தெரியும். முதல் இரண்டு நாட்கள் அந்த இளம் மருத்துவர் வெளியே வந்து என்னோடு பேசினார். பரிசோதனை முடிவுகளைக் காட்டினார். பிறகு என் மகன் தொலைபேசியில் அவரோடு பேசினான். அவன் வெளிநாட்டில் இருக்கிறான், விசா சிக்கலில் உடனே கிளம்ப முடியவில்லை. எனக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. அப்பா தாங்கமாட்டார், எதுவாக இருந்தாலும் எனக்குச் சொல்லுங்கள், அவரிடம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.

அன்றிலிருந்து அந்த மருத்துவரின் குரல் மாறியது. மென்மையாகிவிட்டது. என்னைப் பார்த்தால் புன்னகை செய்தார். "ஸ்டேபிளா இருக்காங்க சார். நீங்க ரெஸ்ட் எடுங்க சார்." ஸ்டேபிள் என்ற அந்தச் சொல்லை நானும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அது எதைச் சொல்லப் பயன்படுகிறது, எதைச் சொல்லாமல் இருக்கப் பயன்படுகிறது என்பது எனக்குத் தெரியாதா? நான் கேள்வி கேட்டேன். பதிலுக்கு இன்னும் கொஞ்சம் புன்னகை கிடைத்தது. மாலை ஐந்து மணிக்குப் பின்புற நடை வழியாக அழைத்துப் போய், ஐந்து நிமிடம் கண்ணாடிக்கு வெளியே நின்று அவளைப் பார்க்க அனுமதித்தார்கள். அவள் கையை உயர்த்துவாள். நானும் உயர்த்துவேன்.

வீட்டில் மாதக்கணக்கில் அவளுக்குக் கஞ்சி கரைத்து ஊட்டியவன் நான். அந்தக் கூடத்துக்கு யாராவது ஒருவர் வந்து அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் நான் கையைத் தூக்கியிருப்பேன். யாரும் வரவில்லை.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் கன்னியம்மா என்ற பெண்மணி உட்கார்ந்திருந்தார். கோவளம் பக்கத்துக் கடற்கரைக் குப்பத்தைச் சேர்ந்தவர், மீன் விற்பவர். கடலுக்குப் போய்த் திரும்பிய கணவர் கரையிலேயே மயங்கி விழுந்துவிட்டார் என்று கொண்டுவந்திருந்தார்கள். எனக்குப் பல வருடங்களாக வறட்டு இருமல் உண்டு. குளிர்சாதனக் காற்றில் அது அதிகமாகிவிட்டது. கைக்குட்டையை வாயில் வைத்து அடக்கப் பார்ப்பேன், முடியாது.

"இன்னா சார், இப்டி இருமிகினு கீற? உள்ள படுத்துனு கீறவங்கல்லாம் எழுந்து வெளிய வந்துடப் போறாங்கோ."

"மன்னிச்சுக்கங்க அம்மா. பழைய இருமல். பழகிப்போச்சு."

"ஒனக்குப் பழகிப்போச்சு, எங்களுக்கு?" என்று சிரித்தார். "டாக்டருன்னு வேற சொல்ற. ஒன் இருமலுக்கே ஒன்கிட்ட மருந்து இல்ல. மீன் துன்னுவியா?"

"இல்லம்மா. சைவம்."

"அதான்."

அவருடைய கணவரைப் பற்றிய செய்திகளையும் அங்கே யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஆங்கிலம் தெரிந்த மருமகனிடம் சொன்னார்கள். ஆனால் கன்னியம்மா என்னைப் போல உட்கார்ந்திருக்கவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து போய் எட்டிப் பார்த்து, "தே, நான் இங்கதான் கீறேன், பயப்படாத!" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு வருவார். காவலாளி திட்டுவார். அவரும் திருப்பித் திட்டிவிட்டு வந்து உட்காருவார்.

ஒரு நாள் காலை, பதினோரு மணி இருக்கும். இளம் மருத்துவர் காதில் கைபேசியோடு கதவைத் திறந்துகொண்டு வந்து, தூணுக்கு மறுபுறம் போய் நின்றார். நான் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னிடம் வருவாரென்று சட்டையைச் சரிசெய்துகொண்டேன். அவர் வரவில்லை. பேசி முடித்துவிட்டு உள்ளே போய்விட்டார். தூணுக்குப் பக்கத்துத் தண்ணீர் கேனிலிருந்து பாட்டிலில் பிடித்துக்கொண்டிருந்த கன்னியம்மா பாதி நிரம்பிய பாட்டிலோடு என்னிடம் வந்தார்.

"சார், எழுந்திரு."

"என்னம்மா?"

"ஒன் சம்சாரத்துக்குத் தொண்டைல குழாய் வுடப் போறாங்கோ. வுட்டுட்டா பேச்சு கெடையாதாம். ஒன் புள்ளைகிட்ட போன்ல கேட்டுகினு இருந்தான் அந்த டாக்டரு. ஒன்கிட்ட சொல்லக் கூடாதாம். எழுந்திரு சார், இன்னா என்னையே பாத்துகினு கீற?"

அவர் சொன்னதன் பொருள் அந்தக் கூடத்திலேயே எனக்குத்தான் முழுமையாகத் தெரியும். குழாய் போட்டபின் அவள் பேச மாட்டாள். அவள் இருந்த நிலையில், குழாயை எடுக்கும் நாள் வரப்போவதில்லை. அப்படியென்றால் அவளால் பேச முடிகிற நேரம் இப்போது ஓடிக்கொண்டிருக்கிற இந்த நேரம்தான். அது எனக்கும் அவளுக்கும் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது. வேறொரு நாட்டில் இருந்த ஒருவனுக்கு அது தெரிந்திருந்தது.

கதவருகே போனேன். காவலாளி கையை நீட்டி மறித்தார்.

"சார், விசிட்டிங் டைம் அஞ்சு மணி."

"நான் அவங்க கணவர். டாக்டர்கிட்ட உடனே பேசணும்."

"டாக்டர் பிஸி சார். கூப்பிடுவாங்க. மைக்ல கூப்பிடுவாங்க, உக்காருங்க."

நான் மறுபடியும், அதே மரியாதையோடு, அதையே சொன்னேன். எனக்கு வேறு விதமாகப் பேசத் தெரியாது. கன்னியம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

"இன்னாடா மைக்கு? பொண்டாட்டிகிட்ட பேசறதுக்கு மைக்கா?" அவர் குரல் மீன் சந்தையைத் தாண்டிக் கேட்கும் குரல். "தாலி கட்டினவன் இங்க குந்திகினு கீறான், எங்கியோ கீறவன்கிட்ட போன்ல பர்மிசன் கேக்கறீங்கோ! கதவத் தெற! தெறக்கறியா, இல்ல நானே தெறக்கவா?"

"யம்மா, கத்தாதம்மா, பேஷண்ட்டுங்க இருக்காங்க."

"இருக்காங்கோன்னுதான்டா கத்தறேன்! அந்தம்மாவும் உள்ளதான் கீது!"

கூடத்தில் உட்கார்ந்திருந்த அட்டெண்டர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். யாரும் அருகே வரவில்லை. எழுந்து நின்றார்கள். மூத்த செவிலியர் ஒருவர் கதவைத் திறந்து என்னை மட்டும் பார்த்தார்.

"சார் மட்டும் வாங்க. அஞ்சு நிமிஷம்."

உள்ளே நடந்ததைச் சொல்வதற்கு முன் இன்னொன்றைச் சொல்லிவிடுகிறேன். காரியமெல்லாம் முடிந்த பிறகு அந்த இளம் மருத்துவர் துக்கம் விசாரிக்க என் வீட்டுக்கு வந்தார். கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்தால் வந்திருக்க மாட்டார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"ஃபேமிலி ரெக்வெஸ்ட் சார். உங்க ஹெல்த்தை நெனச்சுத்தான் அவர் சொன்னார். எங்களுக்கும் ரிஸ்க் எடுக்க முடியாதில்லையா சார்."

"யாருடைய ரெக்வெஸ்ட்?"

"ஃபேமிலி சார்."

"நான் யார்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். மேஜைமேல் இருந்த காப்பி ஆறிக்கொண்டிருந்தது. போகும்போது, துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்கிற வழக்கம் தெரிந்தவராய், ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அந்த வழக்கத்தை அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மற்றதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

என் மகன்மேல் எனக்குக் கோபம் உண்டா என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. அவன் பயந்துபோயிருந்தான். தாயை இழக்கப்போகிற மகன், தகப்பனையும் சேர்த்து இழந்துவிடுவோமோ என்று அஞ்சினான். நம் வீடுகளில் வழக்கமே அதுதானே. பாட்டன் இறந்ததைப் பிரசவித்தவளிடம் மறைப்போம், நோயை நோயாளியிடமே மறைப்போம், மறைப்பதற்கு அன்பு என்று பெயர் வைப்போம். மகன்கள் அப்படித்தான் கேட்பார்கள். கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. அதற்கு ஒத்துக்கொள்வதா, "ஐயா, உங்கள் தந்தை இந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார், அவரை உள்ளே அழைக்காமல் நான் இதைச் செய்ய மாட்டேன்" என்று சொல்வதா என்று முடிவெடுப்பதுதான் உங்கள் தொழில். குழாய் போடுவதைக் கற்றுக்கொண்டுவிட்டீர்கள். அது தொழிலில் சுலபமான பாதி.

உள்ளே போனேன்.

கதவை ஒட்டிய முதல் கட்டில் அவளுடையது. இத்தனை நாள் அவளுக்கும் எனக்கும் இடையே ஒரு கதவும் ஒரு சுவரும்தான் இருந்தன என்பதை அப்போதுதான் கண்டேன். முகத்தில் பிராணவாயு முகமூடி. பக்கத்தில் நின்ற இளம் செவிலி உற்சாகமான குரலில் அவளிடம் குனிந்து சொன்னாள்:

"அம்மா, பாருங்க யாரு வந்திருக்காங்கன்னு! சார் வீட்லேர்ந்து வந்துட்டார்!"

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. நான் எங்கே என்று அவள் கேட்டிருக்கிறாள். கேட்டபோதெல்லாம், வீட்டுக்குப் போயிருக்கிறார், ஓய்வெடுக்கிறார், சாயங்காலம் வருவார் என்று சொல்லிவந்திருக்கிறார்கள். அவளை அமைதிப்படுத்த. மூச்சுக்கு ஏங்கிக் கிடப்பவளிடம், அவளை விட்டு நகராத ஒருவனை, வீட்டில் படுத்துத் தூங்குகிறான் என்று சொல்லியிருக்கிறார்கள். என் வாழ்நாளில் யார்மேலும் நான் கையை ஓங்கியதில்லை. அந்த நேரத்தில் கட்டிலின் இரும்புச் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"நான் வீட்டுக்குப் போகவே இல்லை" என்று சொல்ல வாயெடுத்தேன்.

அவள் முகமூடியை ஒரு விரலால் நகர்த்தினாள்.

"தெரியும். உங்க இருமல் கேட்டுக்கிட்டேதான் இருந்துது."

மூச்சு வாங்கிக்கொண்டாள். செவிலி அந்தப் பக்கம் திரும்பியிருந்தாள். அவளைக் கண்ணால் காட்டி என் மனைவி சொன்னாள்: "பாவம், சின்னப் பொண்ணு. நான் ஒண்ணும் சொல்லிக்கல."

அதன்பின் நாங்கள் பேசியதை உங்களுக்கு எழுத மாட்டேன். ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கிடைத்தது. குழாய் போடப் போகிறார்கள் என்பதை நான்தான் அவளுக்குச் சொன்னேன். அவள் தலையை அசைத்தாள். அதைச் சொல்ல உங்களில் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. கேட்டுக்கொள்ளும் தைரியம் அவளுக்கு இருந்தது. அந்த நிமிடங்களுக்காக, பக்கத்து நாற்காலி என்பதைத் தவிர வேறு உறவில்லாத, மீன் விற்கும் ஒரு பெண்மணிக்கு நான் நன்றி சொல்ல வேண்டியிருந்தது. என் தொழிலைச் சேர்ந்த ஒருவருக்குக்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நீங்கள் கேட்ட அறிவுரை இதுதான். உங்கள் மருத்துவமனை விதிகளில் விசிட்டிங் டைம் என்ன என்று எனக்குத் தெரியாது. ஒரு நோயாளியின் பேச்சு நிற்கப் போகிறது என்றால், கையுறை போடுவதற்கு முன் கதவைத் திறந்துகொண்டு வெளியே போங்கள். ஒலிபெருக்கியில் அழைக்காதீர்கள். நீங்களே நடந்து போங்கள். அந்தக் கூடத்தில் நின்று, இவருக்குச் சோறு போட்டது யார் என்று கேளுங்கள். கையைத் தூக்குபவரை உள்ளே அழைத்து வாருங்கள். பிறகு எந்த நாட்டுக்கு வேண்டுமானாலும் தொலைபேசியில் பேசிக்கொள்ளுங்கள்.

பிற்பகலில் குழாய் போட்டார்கள். அதன்பின் அவள் பேசவில்லை. கண்ணும் திறக்கவில்லை. நான் அதே இரும்பு நாற்காலியில்தான் அடுத்த சில நாட்களும் உட்கார்ந்திருந்தேன். கன்னியம்மா என் இருமலைக் கேலி செய்வதை விட்டுவிட்டார். நானும் கைக்குட்டையை வாயில் வைத்து அடக்குவதை விட்டுவிட்டேன். இருமல் வந்தால், யாராவது உள்ளே போக அந்தக் கதவு திறக்கும் வரை பொறுத்திருந்து, திறந்த பிறகு இருமினேன்.